பிராத்தில் இருக்கும் அமிலம் படிகமாகக் கைக்கு வரும் வரை

ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் கேள்வி இது. ஆக்டினோபேசில்லஸ் சக்சினோஜெனிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு குளுக்கோஸிலிருந்து சக்சினிக் அமிலம் தயாரிக்கிறார். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச். அளவை 6.8ல் நிறுத்துகிறார். பிராத்தை, அதாவது நொதித்து முடிந்த திரவத்தை, எச்.பி.எல்.சி. என்ற அளவிடும் கருவியில் பார்த்தால் லிட்டருக்கு 40 கிராம் காட்டுகிறது. செல்களை சென்ட்ரிஃபியூஜில் பிரித்துவிட்டு, கந்தக அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தால் கொஞ்சம்தான் படிகம் விழுகிறது. கால் பங்காகச் சுண்டவைத்துக் குளிர்வித்தால் நிறைய விழுகிறது. ஆனால் அது பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறது, எரித்துப் பார்த்தால் வெள்ளையாக மிச்சம் நிற்கிறது. "எந்தப் பிரித்தெடுப்பு முறைக்கு மாறினால் சுத்தமாகக் கிடைக்கும்?" என்கிறார்.

முறையை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். அமிலமாக்கிக் குளிர்வித்துப் படிகமாக்குவது சக்சினிக் அமிலத்துக்குப் பொருத்தமான வழிதான். மாற வேண்டியது அதற்கு முன்னால் நடப்பவை. முக்கியமாக, நொதித்தலில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்பது. பிரித்தெடுப்பு என்ற வேலை நொதிகலனை நிறுத்திய பிறகு தொடங்குவதில்லை, மீடியத்தை, அதாவது பாக்டீரியாவுக்கான ஊட்டப் பொருள்களை, எடைபோடும்போதே தொடங்கிவிடுகிறது. பல வருடங்களாக இந்த வேலையைச் செய்து நான் கற்றுக்கொண்டது இதுதான். உங்கள் எண்களை வைத்தே அதைக் காட்டுகிறேன்.

முதலில், அமிலம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சக்சினிக் அமிலத்தின் இரண்டு பி.கே.ஏ. மதிப்புகள், அதாவது அதன் இரண்டு ஹைட்ரஜன்களில் ஒவ்வொன்றும் பாதியளவு பிரிந்து நிற்கும் பி.எச். அளவுகள், 4.2, 5.6. பி.எச். 6.8ல் கிட்டத்தட்ட முழுவதும் டைசோடியம் சக்சினேட்டாகத்தான் இருக்கும். எச்.பி.எல்.சி. அதை அமிலக் கணக்கில் காட்டுகிறது, ஆனால் குடுவையில் இருப்பது உப்பு. நன்றாகக் கரையும் உப்பு. அதனால்தான் பி.எச். 2க்கு இறக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் அது மின்சுமையில்லாத அமிலமாகிறது. அதன் கரைதிறன் வெப்பநிலைக்கேற்ப வேகமாக மாறும்: ஒரு கிலோ நீரில் 60 டிகிரியில் சுமார் 350 கிராம், 40 டிகிரியில் சுமார் 160, 20 டிகிரியில் சுமார் 70, பனிக்கட்டி வெப்பநிலையில் 30க்குக் கொஞ்சம் குறைவு. படிகமாக்குபவருக்கு இதைவிடச் சாதகமான வளைவு கிடைப்பது அரிது. கூடவே வரும் அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் நீரோடு எந்த விகிதத்திலும் கலப்பவை என்பதால் கரைசலிலேயே தங்கிவிடும்.

இப்போது உங்கள் முதல் முயற்சி ஏன் ஏமாற்றியது என்று தெரியும். லிட்டருக்கு 40 கிராம் இருக்கிறது. 4 டிகிரியில் 30 கிராமுக்கு மேல் கரைந்தே நிற்கும். விழக்கூடியது மிச்சமுள்ள சில கிராம்தான். எனவே சுண்டவைத்தது சரியான முடிவு. கால் பங்காக்கினால் லிட்டருக்கு 160 கிராம். அந்த 250 மில்லியைக் குளிர்வித்தால் எட்டு ஒன்பது கிராம் கரைசலில் தங்கும், 31 கிராம் அளவுக்குப் படிகம் கிடைக்க வேண்டும். கணக்குப்படி கிட்டத்தட்ட 80 சதவீதம்.

ஆனால் சுண்டவைத்தபோது செறிவானது அமிலம் மட்டுமல்ல. எரித்த பிறகு நின்ற அந்த வெள்ளைப் பொருள் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிராம் சக்சினிக் அமிலம் என்றால் 0.34 மோல். அதோடு 0.68 மோல் சோடியம் இருக்கிறது. அதை விடுவிக்க 0.34 மோல், அதாவது 33 கிராம் கந்தக அமிலம் செலவாகும், லிட்டருக்கு 48 கிராம் சோடியம் சல்பேட் உருவாகும். உங்கள் பிராத்தில் அமிலத்தைவிட உப்பே அதிகம்! நாலு மடங்கு செறிவாக்கினால் உப்பு லிட்டருக்கு 190 கிராமைத் தாண்டும். சோடியம் சல்பேட்டின் கரைதிறனோ 32 டிகிரிக்குக் கீழே சரசரவென்று இறங்கும். பனிக்கட்டி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். மிச்சம் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு கிளாபர் உப்பாக வெளியே வரும். அதாவது நீங்கள் குளிர்வித்தபோது இரண்டு படிகங்கள் ஒன்றாக விழுந்திருக்கின்றன. அந்த உப்பு தன் படிகத்துக்குள் நீரையும் இழுத்துக்கொள்வதால் மிச்சக் கரைசல் இன்னும் கெட்டியாகி அழுக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இந்தத் தவறு எச்.பி.எல்.சி.யில் தெரியாது என்பதைக் கவனியுங்கள். யு.வி. டிடெக்டர் சோடியம் சல்பேட்டைப் பார்ப்பதில்லை. வரைபடத்தில் வரும் சிகரங்களின் பரப்பை மட்டும் வைத்துச் சொன்னால் பாதி உப்பான பொடிக்கும் 99 சதவீதத் தூய்மை என்று அறிக்கை வரும். எரித்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு மனமாரப் பாராட்டுகிறேன். சாம்பல் அளவு, உருகுநிலை, எடைபோட்டுக் கரைத்து, அளவு தெரிந்த தூய மாதிரியோடு ஒப்பிட்ட அளவீடு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தொகுதிக்கும் செய்யுங்கள். தூய சக்சினிக் அமிலம் 185 டிகிரி அருகில் கூர்மையாக உருகும்.

இதற்கு ஆய்வகத்தில் எளிய மாற்று ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதே கணக்கில் லிட்டருக்கு 40 கிராம் சோடியம் குளோரைடு வரும். நாலு மடங்கு செறிவாக்கினாலும் 160 கிராம்தான். சோடியம் குளோரைடின் கரைதிறன் குளிரிலும் சூட்டிலும் லிட்டர் நீருக்கு 350 கிராமை ஒட்டியே நிற்கும், அதனால் குளிர்வித்தால் அது விழாது. படிகத்தில் ஒட்டியிருப்பதைக் கழுவி எடுத்துவிடலாம். ஆலையில் இதைச் செய்வது கடினம். சூடான, அமிலத்தன்மையுள்ள குளோரைடு கரைசல் துருப்பிடிக்காத எஃகையே அரித்துவிடும். குடுவையும் கண்ணாடி ஆவியாக்கியும் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னும் நல்ல வழி, ஹைட்ரஜன் வடிவில் இருக்கும் வலுவான அமில வகை அயனிப் பரிமாற்ற ரெசின். பிராத்தை அதன் வழியே விட்டால் சோடியம் ரெசினில் தங்கும், வெளியே வருவது அமிலமாகவே வரும், உப்பு சேராது. இத்தகைய ரெசின் லிட்டருக்கு 2 சமான மோல் அளவு பிடிக்கும், உங்களுக்குத் தேவை 0.68. ஆக ஒரு லிட்டர் பிராத்துக்கு 350 முதல் 400 மில்லி ரெசின். மீடியத்தில் இருக்கும் பொட்டாசியமும் மெக்னீசியமும் இடம் பிடிக்கும், எனவே கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். ரெசின் நிரப்பிய குழாயிலிருந்து வரும் கரைசலின் பி.எச். அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது ஏறத் தொடங்கினால் ரெசின் நிறைந்துவிட்டது என்று பொருள். பிறகு அமிலம் விட்டு ரெசினை மீட்க வேண்டும், உப்பு அந்தக் கழிவில் போகும். உப்பு மறைந்துவிடாது, பொருளிலிருந்து தள்ளி வேறு வாளிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கரிம அமிலங்களின் பிரித்தெடுப்பு முழுவதுமே ஒரு வகையில் இந்த உப்பின் கதைதான். 1784லேயே வேதியியலாளர் ஷீலே எலுமிச்சைச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து கால்சியம் சிட்ரேட்டை விழவைத்து, கந்தக அமிலத்தால் சிட்ரிக் அமிலத்தை விடுவித்தார். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சை சர்க்கரையிலிருந்து சிட்ரிக் அமிலம் தயாரிக்கும் முறை வந்த பிறகும் ஆலைகள் அதே வேதியியலைத்தான் எடுத்துக்கொண்டன. கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகக் கரையும் என்பதால் சூடாகவே வடிகட்டுவார்கள். லாக்டிக் அமிலத்திலும் இதே பாதைதான், ஆனால் அங்கே கழிவாக வரும் ஜிப்சத்தின் (கால்சியம் சல்பேட்) கணக்கு தலைவலி தரும்: 180 கிலோ லாக்டிக் அமிலத்துக்கு 172 கிலோ ஜிப்சம். ஒரு டன் தயாரித்தால் கிட்டத்தட்ட ஒரு டன் கழிவு. இதைத் தவிர்க்க ஒரு வழி, இருமுனைச் சவ்வு கொண்ட மின்பகுப்புப் பிரிப்பு. அது உப்பை மறுபடி அமிலமாகவும் காரமாகவும் பிரித்து, காரத்தை நொதிகலனுக்கே திருப்பித் தருகிறது. இதைவிட நேரான வழி, அமிலத்தைத் தாங்கும் உயிரியைத் தேர்ந்தெடுப்பது. 2012 இறுதியில் இத்தாலியின் கசானோ ஸ்பினோலாவில் ஆண்டுக்கு 10,000 டன் அளவில் ரெவெர்டியா என்ற நிறுவனம் தொடங்கிய சக்சினிக் அமில ஆலை, குறைந்த பி.எச்.சில் வேலை செய்யும் ஈஸ்ட்டை நம்பியது. காரம் குறைவாகச் சேர்த்தால் அமிலமும் குறைவாகச் சேர்த்தால் போதும், உப்பும் குறைவு. நான் "நொதிகலனிலேயே தொடங்குகிறது" என்றது இதைத்தான்.

அடுத்து, பழுப்பும் பிசுபிசுப்பும். நொதித்தலை நிறுத்தும்போது குளுக்கோஸ் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. லிட்டருக்கு 5 கிராம் இருந்தாலும் சுண்டவைத்த பிறகு 20 ஆகும். அது படிகங்களுக்கு இடையில் பாகாக நின்றுவிடும். மீடியத்தில் சேர்க்கும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டில் இருந்து வரும் அமினோ அமிலங்கள் அந்தச் சர்க்கரையோடு சூட்டில் சேர்ந்தால் மெய்லார்டு வினை நடந்து பழுப்பு நிறம் வரும். பி.எச். உயர்ந்திருக்கும்போது அது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே நடுநிலைக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்காதீர்கள். சர்க்கரை தீரும் வரை நொதித்தலை ஓட்டுங்கள், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை எவ்வளவு குறைத்தால் விளைச்சல் கெடாமல் இருக்கிறது என்று ஒரு தொடர் சோதனை செய்யுங்கள். லிட்டருக்கு 42 கிராம் தரும் வளமான மீடியத்தைவிட 38 தரும் மெலிந்த மீடியம் கடைசியில் அதிகப் படிகம் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நுரை எதிர்ப்பானைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் வேலை செய்த ஒரு முன்னோட்ட ஆலையில் ஒரு தொகுதி இரவில் நுரைத்துப் பொங்கியது. பணியில் இருந்த நான் பயத்தில் சிலிக்கோன் எதிர்ப்பானை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஊற்றினேன். நுரை அடங்கியது, அமிலமும் நன்றாக வந்தது. மறுநாள் நுண்வடிப்புச் சவ்வில் விட்டபோது முதல் அரை மணியிலேயே ஓட்டம் விழுந்துவிட்டது. வெளியே வரும் நீர் நூலாக மெலிந்தது, அழுத்தத்தை ஏற்றினால் இன்னும் மோசமானது. சவ்வைத் திறந்தபோது கையில் வழுவழுப்பான படலம் ஒட்டியது. காரத்தால் இரண்டு முறை கழுவியும் பழைய ஓட்டம் திரும்பவில்லை. நொதித்தல் அறிக்கையில் அது வெற்றிகரமான தொகுதி. எங்கள் பக்கத்தில் இரண்டு நாள் போனது. அதற்குப் பிறகு எதிர்ப்பானின் அளவையும் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

செல்களைப் பிரிப்பதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை போலிருக்கிறது, ஆய்வக சென்ட்ரிஃபியூஜில் எல்லாமே அடியில் போய்விடும். அளவு பெரிதாகும்போது நினைவில் வைக்க ஒன்று: படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மைக்ரான் ஈஸ்ட்டோடு ஒப்பிட்டால் 1 மைக்ரான் பாக்டீரியா 25 மடங்கு மெதுவாகப் படியும். அதனால்தான் செல்களைத் திரளவைக்கும் பொருள் சேர்ப்பதோ, சவ்வு வடிப்போ தேவைப்படுகிறது. தெளிந்த கரைசலை அமிலமாக்கும்போது கரைந்திருந்த புரதமும் திரிந்து மங்கலாகும். அதை உடனே வடிகட்டி எடுங்கள், விட்டுவிட்டால் படிகத்தோடு சேர்ந்துகொள்ளும். கார்பனேட் சேர்த்து நொதித்தவர்கள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கார்பன் டைஆக்சைடு ஒரே மூச்சில் கிளம்பினால் பாதிக் கரைசல் மேசையில்தான் இருக்கும்.

அதன் பிறகு நிறத்தை எடுக்க ஆக்டிவேட்டட் கார்பன். கரைசலின் எடையில் அரை சதவீதத்தில் தொடங்கி, 50 டிகிரியில் அரை மணி கலக்கி, சூடாகவே வடிகட்டுங்கள். கார்பன் உங்கள் அமிலத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், எனவே அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வடிகட்டிய கரைசலை வெற்றிடத்தில், 50 முதல் 60 டிகிரிக்குள் சுண்டவையுங்கள். கரைசல் அமிலமாக இருப்பதால் அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களின் ஒரு பகுதி நீராவியோடு போய்விடும்.

நீரைப் பற்றி ஒரு கணக்கு. லிட்டருக்கு 40 கிராம் என்றால் ஒரு கிலோ அமிலம் 25 லிட்டரில் இருக்கிறது. அதை 160க்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 19 கிலோ நீரை விரட்ட வேண்டும். 100 டிகிரியில் ஒரு கிலோ நீர் ஆவியாக 2257 கிலோஜூல். பிராத்திலேயே 100 கிராம் இருந்திருந்தால் விரட்ட வேண்டியது 4 கிலோவுக்கும் குறைவு. நொதித்தல்காரர்கள் செறிவுக்காகப் போராடுவதன் பொருளாதாரம் இதில்தான் இருக்கிறது. ஆலைகளில் ஒரு கலத்தின் நீராவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல்படி ஆவியாக்கிகளும், நீராவியை அழுத்தி மறுபடி பயன்படுத்தும் அமைப்புகளும் இருப்பது இந்தச் செலவைக் குறைக்கத்தான்.

இனி படிகமாக்கல். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், பொறுமை நேரடியாகத் தூய்மையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். லிட்டருக்கு 160 கிராம் கரைசல் 40 டிகிரி அருகில் தெவிட்டும், உப்பு இருந்தால் கொஞ்சம் மாறும். 60 டிகிரியில் தெளிவாக இருக்கும் கரைசலை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இறக்குங்கள். தெவிட்டு வெப்பநிலையைத் தாண்டி இரண்டு மூன்று டிகிரி இறங்கியதும், நன்றாக அரைத்த தூய சக்சினிக் அமிலத்தைச் சிட்டிகையளவு விதையாகத் தூவுங்கள். அப்போது கரைசல் மீதெவிட்டிய நிலையில், அதாவது கரைதிறனைவிடச் சற்று அதிகமாகக் கரைந்த நிலையில், இருக்கும், ஆனால் தானாகப் படிகம் பிறக்கும் அளவுக்கு இருக்காது. விதை கரையாமல் நின்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அங்கே ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் மின்னும் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கனப்பது தெரியும். பிறகு மணிக்கு 3 டிகிரியில் தொடங்கி, படிகத்தின் பரப்பு கூடக் கூட மணிக்கு 8 அல்லது 10 வரை வேகத்தை ஏற்றலாம்.

குடுவையைச் சூட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. மீதெவிட்டல் திடீரென உயர்ந்து, கோடிக்கணக்கில் மிக நுண்ணிய படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கும். கரைசல் பால்போல வெளுக்கும். அந்தப் பொடியின் மொத்தப் பரப்பு அதிகம் என்பதால் அழுக்கான தாய்க்கரைசலை, அதாவது படிகம் விழுந்த பிறகு மிஞ்சும் கரைசலை, அது கடற்பஞ்சுபோலப் பிடித்துக்கொள்ளும். வடிகட்டியும் அடைத்துவிடும், எவ்வளவு கழுவினாலும் பழுப்பு போகாது. உங்கள் பிசுபிசுப்பில் பாதி இதிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். குளுட்டாமிக் அமிலத்தில் படிகத்தின் வடிவமே விதியைத் தீர்மானிக்கும். பி.எச். 3.2ல் அது விழும்போது ஆல்ஃபா வடிவமாக வந்தால் மணிமணியாக எளிதில் வடிகட்டலாம், பீட்டா வடிவமாக வந்தால் மெல்லிய தகடுகளாகச் சேறுபோல நிற்கும். வேதிப்பொருள் ஒன்றேதான்.

வடிகட்டியதும் வெற்றிடத்தில் நன்றாக உறிஞ்சவிட்டு, தட்டையாக அழுத்தி, வெடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பு இருந்தால் கழுவும் நீர் அதன் வழியே ஓடிவிடும், படிகத்தைத் தொடாது. பனிக்குளிர் நீரைக் கொஞ்சமாக, இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் பொருளையே கரைத்து அனுப்புவீர்கள். இன்னும் நிறம் இருந்தால் 80 டிகிரி நீரில் கரைத்து, கொஞ்சம் கார்பன் சேர்த்து வடிகட்டி, ஒருமுறை மறுபடிகமாக்கினால் வெண்மையாக வரும்.

ஆனால் படிகளைக் கூட்டும்போது பெருக்கல் கணக்கை மறக்காதீர்கள். ஒவ்வொரு படியிலும் 95 சதவீதம் மிஞ்சினாலும் ஆறு படிகள் கழித்து 73 சதவீதம்தான். 90 என்றால் 53. ஆறாவது படியை இன்னும் சிறப்பாக்குவதைவிட அது தேவையில்லாமல் செய்வதே லாபம்.

"எந்த முறை சிறந்தது" என்று பொதுவாகவும் கேட்டிருப்பதால் மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. பொருளுக்கு எந்தக் கைப்பிடி இருக்கிறது என்று பாருங்கள். ஆவியாகுமா? எத்தனால் ஆவியாகும், ஆனால் எடையில் 95.6 சதவீதத்தில் கொதிநிலை மாறாக் கலவையாகி நின்றுவிடும். அதற்கு மேல் நீரை எடுக்க 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள மூலக்கூறு சல்லடை வேண்டும், நீர் உள்ளே போகும், எத்தனால் போகாது. பியூட்டனால் லிட்டருக்கு 13 கிராம் அளவிலேயே பாக்டீரியாவை நஞ்சாகத் தாக்கும், அதனால் நொதிக்கும்போதே வாயுவை விட்டு வெளியே எடுக்கிறார்கள். அதன் ஆவியைக் குளிர்வித்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து மேலடுக்கில் 80 சதவீதம் அளவுக்குப் பியூட்டனால் நிற்பது இயற்கை தரும் சலுகை. மின்சுமை உண்டா? லைசின் போன்ற அமினோ அமிலங்களுக்கு அயனிப் பரிமாற்றம். கரைப்பானுக்குப் போகுமா? பென்சிலின் போகும், ஆனால் அதற்குப் பி.எச். 2 முதல் 2.5 வேண்டும், அந்த அமிலத்தில் அது நிமிடக் கணக்கில் சிதையும். அதனால்தான் குளிரவைத்து, சுழலும் பிரிப்பான்களில் சில நொடிகளில் கரைப்பானுக்கு மாற்றுகிறார்கள். அங்கிருந்து நடுநிலை நீருக்கு மறுபடி இழுக்கும் யோசனை 1940ல் ஆக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஹீட்லி சொன்னது. அது வராமல் பென்சிலினைக் கையில் எடுக்கவே முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் அடுத்த தொகுதிக்கு இப்படிச் செய்யுங்கள். சர்க்கரை லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே வரும் வரை ஓட்டுங்கள். தெளிந்த கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றதில் ரெசின் என்று இணையாக எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒரே வேகத்தில் குளிர்வித்து, சாம்பல் அளவைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தாய்க்கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு லிட்டர் பிராத்துக்கு அதில் எட்டு ஒன்பது கிராம் இருக்க வேண்டும் என்று மேலே கணக்குப் போட்டோமே, அதை அளந்து பாருங்கள். அதைவிடக் கூடுதலாக இருந்தால் பி.எச். 2க்கு உண்மையில் இறங்கவில்லை, அல்லது குளிர்வித்து வைத்த நேரம் போதவில்லை. கணக்கில் வர வேண்டிய அமிலம் படிகத்திலும் இல்லை, தாய்க்கரைசலிலும் இல்லை என்றால் கார்பனையும் கழுவிய நீரையும் சோதியுங்கள். நாலு இடத்து எண்களையும் கூட்டி, லிட்டர் பிராத்துக்கு 40 கிராமுக்குப் பக்கத்தில் வந்த பிறகு எழுதுங்கள், அடுத்து எதைக் குறைக்கலாம் என்று அந்த எண்களை வைத்தே பேசலாம்.